ரூக்கி டிராஃப்டுக்கு மதிப்பெண் போடும்போது கவனிக்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் விளையாட்டுப் பக்கத்தில், பன்னிரண்டு அணிகள் ஆடும் ஒரு டைனஸ்டி லீக்கின் ரூக்கி (புதுமுக) டிராஃப்டை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அணிக்கும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று தரம் போட்டிருந்தீர்கள். அமெரிக்க ஃபேன்டசி ஃபுட்பாலுக்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு மனமார்ந்த நன்றி. இதை ஆடும் தமிழர்கள் அமெரிக்க அலுவலகங்களில் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தரப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் அடுத்த டிராஃப்டுக்குத் தயாராக முடியாது. பன்னிரண்டில் ஒன்பது அணிக்கு ‘பி’ அல்லது அதற்கு மேல். சென்ற சீசனில் கடைசியாக வந்து முதல் பிக் (தேர்வு வாய்ப்பு) பெற்ற அணிக்கு ‘ஏ பிளஸ்’. முதல் சுற்றுப் பிக்கை ஏற்கெனவே விற்றிருந்த அணிக்கு ‘டி’. லீக்கின் விதிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறையாவது இதைச் சரியாகச் செய்யலாம் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

புதிய வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃபேன்டசி கிரிக்கெட்டில் ஒரு மேட்சுக்குப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம், மேட்ச் முடிந்தால் அந்த அணியும் முடிந்தது. டைனஸ்டி லீக்கில் எடுத்த வீரர் ஆண்டுக்கணக்கில் நம்மிடமே இருப்பார். ஏப்ரல் கடைசியில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் டிராஃப்ட் முடிந்ததும், கல்லூரியிலிருந்து வரும் புதுமுகங்களை மட்டும் மே மாதவாக்கில் லீக் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து சுற்று. சென்ற சீசனில் கடைசியாக வந்தவர் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் எடுப்பார். 1.01 என்றால் முதல் சுற்றின் முதல் பிக், 2.04 என்றால் இரண்டாம் சுற்றின் நான்காவது. இந்தப் பிக்குகளை, இன்னும் வராத ஆண்டுகளின் பிக்குகளையும் சேர்த்து, விற்கலாம், வாங்கலாம். இந்த வியாபாரத்தைக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

முதலில் விதிமுறை. ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) மட்டும் ஆடும் லீக்கா, இரண்டாவது குவார்ட்டர்பேக்கையும் இறக்கக்கூடிய சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்கா என்பது தெரியாமல் எந்தப் பிக்கையும் எடைபோட முடியாது. பன்னிரண்டு அணிக்குத் தலா இரண்டு என்றால் வாரா வாரம் 24 குவார்ட்டர்பேக்குகள் களத்தில் வேண்டும். என்.எஃப்.எல். அணிகளே 32தான். ஒவ்வோர் அணிக்கும் சீசனில் ஒரு வாரம் ஓய்வு உண்டு என்பதால் ஆளுக்கு மூன்று பேரை வைத்துக்கொள்ள நினைத்தால் 36 ஆகிறது, இருப்பதே 32. அதனால் சூப்பர்ஃப்ளெக்ஸில், என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்வான குவார்ட்டர்பேக் தங்கம். ஒரே குவார்ட்டர்பேக் ஆடும் லீக்கில் பன்னிரண்டு பேர் போதும், மிச்சம் இருபது பேர் இருக்கிறார்கள், அவசரமே இல்லை. 2024 டிராஃப்டைப் பாருங்கள். சூப்பர்ஃப்ளெக்ஸில் 1.01 பெரும்பாலும் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ். ஒரே குவார்ட்டர்பேக் லீக்கில் அந்த இடம் வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) மார்வின் ஹாரிசன் ஜூனியருக்கு. அங்கே ஒருவர் வில்லியம்ஸை 1.01இல் எடுத்திருந்தால், வீரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது மோசமான பிக், ஏனென்றால் பல இடம் கீழே இறங்கி வந்தும் அவரை எடுத்திருக்கலாம்.

டைட் எண்டுக்கு (எதிரணியைத் தடுப்பதும் பந்தைப் பிடிப்பதும் இரண்டும் செய்பவர்) ஒரு கேட்சுக்கு ஒரு புள்ளியா, ஒன்றரைப் புள்ளியா என்பதும் அப்படித்தான். டைட் எண்ட் பிராக் பவர்ஸ் தன் முதல் சீசனில் 112 கேட்ச் பிடித்தார். அந்தக் கூடுதல் அரைப் புள்ளி மட்டும் அவருக்கு 56 புள்ளி, 17 ஆட்டத்துக்கு வகுத்தால் ஆட்டத்துக்கு மூன்றுக்கும் மேல். 2024இல் அவரை 1.03இல் எடுத்ததும் 1.08இல் எடுத்ததும் நல்ல பிக்கா இல்லையா என்பது இந்த ஒரு விதியில் மாறிவிடும்.

ஆகவே தரப் பட்டியலின் தலையில் இவ்வளவாவது இருக்க வேண்டும்: எத்தனை அணி, வாரம் யார் யாரை இறக்கலாம், கேட்சுக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம், டாக்ஸி ஸ்குவாட் (புதுமுகங்களை நிறுத்தி வைக்கும் கூடுதல் இடங்கள்) எத்தனை, டிராஃப்ட் எந்தத் தேதியில் நடந்தது. தேதி ஏனென்றால், மே மாதம் எடுத்தவருக்குத் தெரியாத காயங்கள் ஆகஸ்டில் எடுத்தவருக்குத் தெரிந்திருக்கும். ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) ட்ராவிஸ் எட்டியென் 2021 ஆகஸ்டில் பாதத்தில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. மே மாதத்தில் அவரை முதல் சுற்றில் எடுத்தவரும், செப்டம்பருக்கு முந்தைய வாரம் அதே இடத்தில் எடுத்தவரும் ஒரே முடிவை எடுக்கவில்லை.

அடுத்ததுதான் முக்கியம். அணிக்குக் கிடைத்த வீரர்களின் பெயரைப் பார்த்துத் தரம் போடக்கூடாது. கையில் இருந்த பிக்கின் மதிப்பு எவ்வளவு, அதை வைத்து வாங்கியது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 1.01 வைத்திருப்பவருக்கு நல்ல வீரர் கிடைப்பது அவர் திறமையில்லை, அவர் போன வருஷம் தோற்றதற்குக் கிடைத்த இடம். எல்லோரும் முதலாவதாக எடுக்கும் வீரரையே அவரும் எடுத்தார் என்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்கு நியாயமான தரம் ‘சி’.

இதைக் கணக்காகவே போட்டுக் காட்டலாம். 1.01க்கு 100 என்று வைத்துக்கொண்டு, 1.06க்கு 50, 1.07க்கு 46, 1.09க்கு 38, 2.06க்கு 18, 2.10க்கு 14 என்று இறங்கும் ஒரு அட்டவணை இருப்பதாகக் கொள்வோம். (எண்கள் உதாரணத்துக்குத்தான். ஒவ்வொரு லீக்கும் தன் வியாபார வழக்கத்துக்கு ஏற்பத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் மேலே செங்குத்தாக இறங்கி, கீழே போகப் போகத் தட்டையாக வேண்டும் என்பது எல்லா லீக்குக்கும் பொது.) ஓர் அணி 1.06ஐக் கொடுத்து 1.09, 2.06 இரண்டையும் வாங்குகிறது. 50 கொடுத்து 56 வாங்கியாயிற்று. சந்தையில் 1.07க்குப் போகும் வீரர் 1.09 வரை நழுவி வருகிறார், அவரை எடுக்கிறது, அதாவது 38க்கு 46. 2.06இல் மட்டும் அவசரப்பட்டு, 2.10 வரை கிடைத்திருக்கக்கூடிய ஒருவரை எடுக்கிறது, 18க்கு 14. மொத்தத்தில் 50ஐ வைத்துத் தொடங்கி 60இல் முடித்திருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு லாபம். அந்த அணியில் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாததால் உங்கள் பட்டியல் போன்ற ஒன்றில் அதற்கு ‘பி மைனஸ்’தான் வந்திருக்கும். உண்மையில் அது ‘ஏ’.

இதே கணக்கில் முதல் சுற்றுப் பிக் இல்லாத அணியையும் பாருங்கள். அந்தப் பிக் சென்ற அக்டோபரில் ஒரு ரன்னிங் பேக்குக்காகக் கை மாறியிருக்கலாம். அந்த வியாபாரம் சரியா தவறா என்பது அந்த சீசனின் கணக்கு. இந்த டிராஃப்டில் அவர்களிடம் 2.05உம் 3.05உம்தான் இருந்தன என்றால் அவற்றை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்குத்தான் தரம். பழைய வியாபாரத்தையும் சேர்த்துத்தான் எழுதுவோம் என்றால், வாங்கிய வீரர் எத்தனை வாரம் களமிறங்கினார், எத்தனை புள்ளி தந்தார் என்பதையும் எழுத வேண்டும். செலவை மட்டும் எழுதிவிட்டு வரவை விடுவது கணக்கே இல்லை.

பன்னிரண்டு பேரும் ஒரே குவியலிலிருந்து எடுக்கிறார்கள். ஒருவருக்கு மலிவாகக் கிடைத்த வீரர் இன்னொருவர் விட்டுவிட்டுப் போனவர். அதனால் சராசரி எப்போதும் நடுவில்தான் விழ வேண்டும். ஒன்பது அணிக்கு ‘பி’க்கு மேல் வந்தால் அளவுகோல் தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

சந்தை விலையை எங்கிருந்து எடுப்பது? மற்ற லீக்குகளில் ஒரு வீரர் சராசரியாக எத்தனையாவதாகப் போகிறார் என்ற ஏ.டி.பி. எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். அதே வகை லீக்கின் எண்ணாக இருக்க வேண்டும், என்.எஃப்.எல். டிராஃப்டுக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். மார்ச் மாத எண்ணை வைத்து மே மாதப் பிக்கை அளப்பது அடிக்கடி நடக்கும் பிழை. இன்னொன்று, ஓரிரு இடம் முன்பின்னாக எடுத்ததற்குப் புள்ளி குறைக்க வேண்டாம். வீரர்கள் அடுக்கு அடுக்காகத்தான் இருக்கிறார்கள். 1.04 முதல் 1.07 வரை ஒரே தரத்தில் நால்வர் இருந்தால் யாரை முதலில் எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் 2.04க்குப் போகும் வீரரை 1.09இல் எடுத்தால் ஏழு இடம், நடுவில் ஓர் அடுக்கே போய்விடுகிறது. அங்கே தவறு அந்த வீரரை விரும்பியதில்லை, கீழே இறங்கி ஒரு பிக்கைக் கூடுதலாக வாங்காமல் விட்டதில். இந்த வேறுபாட்டை விமர்சனத்தில் ஒரு வரி எழுதினாலே வாசகருக்குப் பெரிய பாடம். முதலில் மேலே உள்ளவரிடமும் கீழே உள்ளவரிடமும் கேட்டுப் பார்த்தாரா, யாரும் வாங்க முன்வரவில்லையா என்பதையும் விசாரிக்க வேண்டும். வாங்க ஆளில்லாவிட்டால் குற்றம் பாதிதான்.

சந்தையே தவறாகப் போகும் ஆண்டுகள் உண்டு. பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் தவறும்: வீரரை விட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்த அணியைப் பார்ப்பது. 2020 என்.எஃப்.எல். டிராஃப்டில் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 32ஆவது பிக்காக கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்குப் போனார். நட்சத்திர குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பக்கத்தில் நிற்கப்போகும் ரன்னிங் பேக் என்ற ஒரே காரணத்துக்காக எத்தனையோ லீக்குகளில் 1.01 ஆனார். ஒன்பது பிக் தள்ளி, 41ஆவதாக இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தவர் ஜொனாதன் டெய்லர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூன்றே ஆண்டில் 6,174 யார்டு ஓடியவர். 226 பவுண்டு எடையோடு 40 யார்டை 4.39 வினாடியில் கடந்தவர். எட்வர்ட்ஸ்-ஹெலேர் 207 பவுண்டு, 4.60 வினாடி. முதல் சீசனில் டெய்லர் 1,169 யார்டு, மற்றவர் 803. அடுத்த ஆண்டு டெய்லர் 1,811 யார்டு ஓடி என்.எஃப்.எல்.லிலேயே முதலாவதாக வந்தார். சந்தை விலையை மட்டும் வைத்துத் தரம் போட்டால் அந்த மே மாதம் டெய்லரை முதலில் எடுத்தவருக்குப் புள்ளி குறைந்திருக்கும். அதனால்தான் இரண்டு தனித்தனிக் கட்டங்கள் வேண்டும் என்கிறோம். ஒன்று சந்தை சொல்வது. மற்றது விமர்சகரின் சொந்த வரிசை, அதுவும் டிராஃப்டுக்கு முன்பே எழுதி வைத்தது. இரண்டும் முரண்படும் இடத்தில் காரணத்தை எழுத வேண்டும்.

2019உம் இதே கதை. வைட் ரிசீவர் நிக்கீல் ஹாரி 32ஆவதாக நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்குப் போனார், ரூக்கி டிராஃப்டுகளில் முதல் மூன்று பேருக்குள் எடுக்கப்பட்டார். டென்னஸி டைட்டன்ஸ் பந்தை அதிகம் எறியாத அணி என்று, அங்கே போன இன்னொரு ரிசீவர் ஏ.ஜே.பிரவுன் கீழே இறங்கினார். முதல் ஆண்டில் ஹாரி 105 யார்டு, பிரவுன் 1,051 யார்டு. அணியின் ஆட்டமுறையும் குவார்ட்டர்பேக்கும் மாறிக்கொண்டே இருப்பவை. டைட்டன்ஸே அந்த சீசனின் நடுவில் குவார்ட்டர்பேக்கை மாற்றியது. பத்தாண்டு வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு வைட் ரிசீவரை இந்த ஆண்டின் குவார்ட்டர்பேக்கை வைத்து எடைபோட்டதற்குப் புள்ளி குறைப்பது நியாயம். ரன்னிங் பேக்குக்கு அணி கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம், ஏனென்றால் அவர்களின் நல்ல ஆண்டுகள் குறைவு, முதல் ஆண்டிலேயே வேலை கிடைக்க வேண்டும்.

அணியின் தேவை என்பதைத் தங்கள் கட்டுரை அளவுக்கு மீறி மெச்சியிருந்தது. ‘டைட் எண்ட் இல்லாத அணி டைட் எண்ட் எடுத்தது, அருமை’ என்பது போல. டைட் எண்டுகள் முதிர இரண்டு மூன்று ஆண்டு ஆவது வழக்கம், பவர்ஸும் சாம் லபோர்ட்டாவும் விதிவிலக்கு. இந்த செப்டம்பரின் ஓட்டையை இந்த மே மாதத்துப் புதுமுகத்தால் அடைக்க முடிவது அரிது. முதல் சுற்றில் நல்லவரை எடுத்துவிட்டு, தேவைக்கு வியாபாரம் செய்துகொள்வதே வழி. தேவையைப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பட்டம் வெல்லும் நிலையில் உள்ள அணி 1.11, 1.12இல் உடனே ஆடக்கூடிய ரன்னிங் பேக்கை எடுத்தால் அது பொருத்தம். கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும் அணி அதே ஆளை எடுத்தால், அணி தேறுவதற்குள் அவருடைய நல்ல காலம் பாதி போயிருக்கும்.

பின் சுற்றுகளில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது, இதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. நான்கு பேரை எடுத்தால் நான்கு பேரை விட வேண்டும். டாக்ஸி ஸ்குவாடில் இடம் இருந்தால் சரி, புதுமுகத்தை அங்கே நிறுத்தி வைக்கலாம். அது நிரம்பியிருந்தால், 4.08இல் எடுத்த ஒருவருக்காக வாரம் எட்டுப் புள்ளி தரும் ஒரு மூத்த ரிசீவரை வெளியே விட நேரும், அடுத்த நாளே பக்கத்து அணி அவரை எடுத்துக்கொள்ளும். தரம் போடுமுன் ‘யாரை விட்டார்கள்’ என்ற பட்டியலையும் வாங்கிப் பார்த்தால் சில ‘ஏ’க்கள் ‘சி’ ஆகிவிடும்.

மூன்றாம், நான்காம் சுற்றுக்குத் தரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கொடுக்க வேண்டாம். அங்கே பெரும்பாலோர் இரண்டு ஆண்டில் காணாமல் போவார்கள். ஆனாலும் எடுக்கும் விதத்தில் நல்லது கெட்டது உண்டு: களத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்த்து எடுத்தாரா? 2023 என்.எஃப்.எல். டிராஃப்டில் ரிசீவர் பூகா நகுவா ஐந்தாம் சுற்றில் 177ஆவதாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார். அதே ஏப்ரலில் ராம்ஸ், ரிசீவர் ஆலன் ராபின்சனை பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பியிருந்தது. கூப்பர் கப்பைத் தவிர நிலையான ரிசீவர் இல்லை. தொடைத் தசைக் காயத்தால் கப் செப்டம்பரில் ஆடவில்லை. நகுவா 105 கேட்ச், 1,486 யார்டு என்று புதுமுகங்களுக்கான அன்றைய இரு சாதனைகளையும் எடுத்துவிட்டார். 105 கேட்சை மே மாதத்தில் யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் காலியான இடம் ஒன்று இருந்தது மே மாதத்திலேயே தெரியும். நான்காம் சுற்றில் தரம் அந்த அளவுக்குத்தான். அவ்வளவு விவரம் பார்த்து எடுத்தவருக்கு, வீரர் சோபிக்காமல் போயிருந்தாலும் அதே புள்ளிதான் கிடைக்க வேண்டும்.

நடைமுறையில் இரண்டு யோசனை. பிக்குகளின் பட்டியலை விமர்சகரிடம் கொடுக்கும்போது உரிமையாளர் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டுக் கொடுங்கள். போன வருஷம் ஜெயித்தவர் என்ற மரியாதையில் அரை தரம் கூடுவது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. லீக்கில் விமர்சகருக்கும் ஓர் அணி இருந்தால் அதற்கு வேறொருவர் தரம் போடட்டும். லீக்கை நடத்தும் கமிஷனரிடம் கேட்டால் வியாபாரப் பட்டியல் முழுவதும் தேதியோடு கிடைக்கும், டிராஃப்ட் நடந்துகொண்டிருந்த போது நடந்த பரிமாற்றங்களையும் சேர்த்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மே மாதத் தரம் முடிவெடுத்த விதத்துக்கு. விளைவுக்கான தரம் தனி, அதற்கு மூன்று சீசன் பொறுக்க வேண்டும். வைட் ரிசீவர் டவான்டே ஆடம்ஸ் 2014, 2015 இரண்டு ஆண்டிலும் 500 யார்டைத் தொடவில்லை. மூன்றாம் ஆண்டில் 997 யார்டு, 12 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது). எட்டியென்னும் ஓராண்டு முழுவதும் உட்கார்ந்துவிட்டு 2022இல் 1,125 யார்டு ஓடினார். 2023 டிராஃப்ட் இப்போது அந்த மறுமதிப்பீட்டுக்குத் தயாராக இருக்கிறது. இரண்டு ரிசீவர்களைப் பாருங்கள்: முதல் சீசன் முடிவில் ஜோர்டன் ஆடிசன் 911 யார்டும் 10 டச்டவுனும் எடுத்து முன்னே நின்றார், ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 628 யார்டு. அடுத்த சீசனில் ஸ்மித்-இன்ஜிக்பா 1,130, ஆடிசன் 875. சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்குகளில் பலர் குவார்ட்டர்பேக் சி.ஜே.ஸ்ட்ரவுட்டை விட்டுவிட்டு, கல்லூரியில் 13 ஆட்டம் மட்டுமே தொடங்கியிருந்த ஆண்டனி ரிச்சர்ட்சனை அவர் ஓடும் ஓட்டத்துக்காக முன்னே எடுத்தார்கள். தங்கள் கட்டுரையில் வந்த லீக்கின் 2023 பட்டியல் கமிஷனரிடம் இருக்கும். அதை வாங்கி, அன்று போட்ட தரம் ஒரு பக்கமும் இன்று வரும் தரம் ஒரு பக்கமுமாக அடுத்த ஞாயிறு வெளியிட்டால், அளவுகோலில் எங்கே திருத்தம் வேண்டும் என்பது வாசகர்களுக்கும் தங்கள் விமர்சகருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

இப்படிக்கு,
டைனஸ்டி லீக் வாசகர்கள் சிலர்,
நியூ ஜெர்சி